பரோனும் பாட்டிகளும்

கண்டுபிடிப்பு என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர்களிடம் ஒரு கண்டிப்பான இலக்கணம் இருந்தது. ஒரு மலையில் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் குடியிருந்து, ஒரு செடியைத் தாண்டித் தாண்டியே தண்ணீருக்கும் விறகுக்கும் போய்வந்தாலும் அது கண்டுபிடிப்பு ஆகாது. தொப்பி வைத்த ஒருவர் வரவேண்டும். அவர் குனிந்து பார்க்கவேண்டும். பிறகு செடியைக் கப்பலேற்றவேண்டும். இன்றைய தான்சானியாவின் வடகிழக்கு மூலையில், உசம்பாரா மலையிலும் அதற்குக் கீழே கடலோரக் காட்டிலும், பாறை இடுக்குகளில் நிழல் பார்த்து ஒதுங்கியிருந்தது ஆப்பிரிக்கன் வயலட். ஷம்பா மக்களின் மலை அது. அத்தனை பேர் கண்ணெதிரே, யாராலும் கண்டுபிடிக்கப்படாமல் அது நிம்மதியாகக் காலம் தள்ளியது.

தொப்பிக்காரர்களிலும் முதலில் வந்தவர்களுக்கு யோகம் இல்லை. சான்சிபாரில் பிரிட்டனின் பிரதிநிதியாக இருந்த ஜான் கிர்க், லிவிங்ஸ்டனோடு சாம்பேசி ஆற்றில் அலைந்த ஆள், 1884-இல் இந்தச் செடியை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். 1887-இல் டெய்லர் என்ற பாதிரியாரும் அனுப்பினார். கியூவில் இருந்த அறிஞர்கள் காய்ந்த சருகைப் புரட்டிப் பார்த்து, இதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை என்று எடுத்து வைத்துவிட்டார்கள். தாலுகா ஆபீசில் மனு கொடுத்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

அடுத்து வந்தவர் ஆபீசை நம்பவில்லை, அப்பாவை நம்பினார். அதனால் ஜெயித்தார்.

அவர் பெயர் வால்டர் ஃபான் செயின்ட் பால்-இலேர். ஜெர்மானிய பரோன், நம் கணக்கில் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா என்று பெர்லினில் வரைபடத்தில் கோடு போட்டு எடுத்துக்கொண்ட நாட்டில், தாங்கா துறைமுக மாவட்டத்துக்கு அவர்தான் கலெக்டர். வரி, வழக்கு, தோட்டக்காரர்களின் தகராறு என்று ஆயிரம் வேலைகளுக்கு நடுவில், ஊருக்குச் சற்றுத் தள்ளியிருந்த சுண்ணாம்புப் பாறைகளில் ஊதாப் பூவோடு இந்தச் செடியைப் பார்த்தார். அப்பா உல்ரிஷ், சைலீசியாவில் இருந்த மரப்பித்தர். அவருக்கு அனுப்பி வைத்தார். அப்பா அதை வளர்த்து, ஹனோவரில் ஹெரன்ஹவுசன் அரச தோட்டத்தின் இயக்குநர் ஹெர்மன் வெண்ட்லண்டிடம் கொடுத்தார்.

வெண்ட்லண்டுக்கு அந்தத் தோட்டம் பரம்பரைச் சொத்து மாதிரிதான். தாத்தாவும் அப்பாவும் அங்கேயே பணியாற்றியவர்கள். இவர் பனை இனங்களில் நிபுணர். கலிபோர்னியப் பனை ஒன்றுக்கு ஜார்ஜ் வாஷிங்டன் பெயரைச் சூட்டியவரும் இவரே. வாஷிங்டன் அந்தப் பனையை ஜென்மத்தில் பார்த்ததில்லை. பரோனாவது செடியைப் பார்த்திருந்தார். ஆகவே 1893-இல் செயின்ட்பாலியா அயோனாந்தா என்று ஞானஸ்நானம் நடந்தது. குடும்பப் பெயரை வைத்ததால் ஒரே பெயரில் அப்பா, பிள்ளை இருவருக்கும் மரியாதை செய்தாகிவிட்டது. உண்மையான வயலட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது வேறு குடும்பம், இது வேறு குடும்பம். பூவின் நிறத்தைப் பார்த்து ஜனங்கள் வயலட் என்றார்கள், செடியும் மறுப்பு அறிக்கை விடவில்லை. அதே ஆண்டு பெல்ஜியத்தின் கெண்ட் நகரக் கண்காட்சியில் அது தலைகாட்டியது. எர்ஃபுர்ட் நகரத்து விதை வியாபாரி எர்ன்ஸ்ட் பெனாரி விதைகளை வாங்கி விற்பனையைத் தொடங்கினார்.

செடி ஐரோப்பாவுக்குப் போன பிறகு அதன் சொந்த ஊரில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் போனால் நமக்குப் பாவம் சேரும், ஏனென்றால் அதில் பாளையங்கோட்டை வருகிறது. 1914 நவம்பர். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து சுமார் எட்டாயிரம் பேர் தாங்காவைப் பிடிக்கக் கப்பலில் போனார்கள். அவர்களில் ‘63-ஆவது பாளம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி’ என்று நம் ஊர்ப் பெயரைத் தோளில் சுமந்த மதராஸ் படையும் ஒன்று. துறைமுகத்தை அடைந்ததும் கப்பல் கேப்டன் கரைக்குப் போய், இனி நமக்குள் சண்டைதான் என்று ஜெர்மானியர்களிடம் முறைப்படி தெரிவித்துவிட்டு, துறைமுகத்தில் கண்ணிவெடி வைத்திருக்கிறீர்களா என்றும் விசாரித்தார். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு முன்னறிவிப்பு கொடுப்பதில்லை. கிடைத்த அவகாசத்தில் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் உசம்பாரா ரயிலில் சுமார் ஆயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வாரக்கணக்கில் கப்பலில் குடல் புரண்டு கிடந்த நம்மவர்கள், இறங்கிய கையோடு முன்பின் தெரியாத புதருக்குள் தள்ளப்பட்டார்கள். துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள், நீ எந்த சாம்ராஜ்யம் என்று கேட்காமல் இரு தரப்பையும் கொட்டித் தீர்த்தன. பாளையங்கோட்டைப் படை நிலைகுலைந்தது. எட்டாயிரம் ஆயிரத்திடம் தோற்று, துப்பாக்கியும் தோட்டாவும் மூட்டை மூட்டையாகக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலேறியது. பாறை இடுக்குச் செடி இதையெல்லாம் பார்த்திருக்கலாம். பரோன் பார்க்கவில்லை, அவர் பதவியை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. யுத்தம் முடிந்தபோது ஜெர்மனியின் ஆப்பிரிக்காவே போய்விட்டது. ஜெர்மானியர்கள் மட்டும் செடியை இன்றுவரை உசம்பாரா வயலட் என்றே அழைக்கிறார்கள். அந்த மலையில் அவர்களுக்கு மிச்சம் அவ்வளவுதான்.

இனி அமெரிக்கா. நியூயார்க் பூ வியாபாரி ஒருவர் 1893-இலேயே இரண்டு செடிகளைக் கொண்டுவந்திருந்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. செடிக்கு வேண்டியது வீட்டு மனிதனுக்கு வேண்டிய அதே வெப்பம், பதினெட்டிலிருந்து இருபத்துநாலு டிகிரி வரை. குளிர்காலத்தில் ராத்திரி கணப்பு அணைந்ததும் பனி பிடிக்கும் அறையில் அது என்ன செய்யும்? வீடு முழுவதும் ஒரே சீராகச் சூடேற்றும் வசதி பரவிய பிறகுதான் அதற்கு அங்கே காலூன்ற இடம் கிடைத்தது.

1926-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஆர்மகாஸ்ட் அண்ட் ராய்ஸ்டன் நர்சரி, ஜெர்மனியிலிருந்து பெனாரியின் விதையையும் இங்கிலாந்திலிருந்து சட்டன் விதையையும் வரவழைத்து, ஆயிரம் நாற்றுவரை வளர்த்து, பத்தே பத்தைத் தேர்ந்தெடுத்தது. பெயர் வைக்கும் வேலை யாரிடம் போனதோ, ஆசாமிக்குக் கடற்படைப் பித்து. அட்மிரல், காமடோர், நெப்டியூன், வைகிங், நார்ஸ்மன், செய்லர் பாய், மெர்மெய்ட். மலைப்பாறையில் பிறந்த செடிக்கு இத்தனை உப்புத் தண்ணீர்! அமெதிஸ்ட் என்று ஒன்றுக்கு வைத்தபோது கொஞ்சம் கரை ஏறியிருக்கிறார். இன்னொன்றின் பெயர் ‘நம்பர் 32’. அதற்குள் அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்திருக்கவேண்டும்.

பத்தாவது, புளூ பாய். ஆட்டத்தை மாற்றியது இதுதான். நீலப் பையன் என்று பெயர் வாங்கிய அது சொன்னபடி கேட்கிற பிள்ளை இல்லை. திடீர் திடீரென்று குணம் மாறியது. 1939-இல் அடுக்குப் பூ. 1940 வாக்கில் இளஞ்சிவப்பு. 1941-இல் இலை காம்போடு சேரும் இடத்தில் வெளிறிய பொட்டோடு ஒன்று பிறக்க, அதற்கு புளூ கேர்ள் என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து பொட்டு வைத்த இலை பெண், வைக்காத இலை ஆண் என்பது வயலட்காரர்களின் சாத்திரம். செடிக்கு இதில் சம்பந்தமே கிடையாது. ஒவ்வொரு பூவிலும் இரு பாலும் உண்டு.

வியாபாரிகள் கையிலிருந்து செடி நழுவியதும் இங்கேதான். ஓர் இலையைக் காம்போடு கிள்ளி ஈரமண்ணில் ஊன்றினால் சில வாரங்களில் வேர், இரண்டு மூன்று மாதங்களில் காம்படியில் குட்டிச் செடிகள். அதாவது ஒரு செடி வாங்கிய வீட்டம்மாள் தெருவுக்கே சப்ளை செய்யலாம். கைப்பை வைத்திருந்த எந்தப் பெண்மணியும் விருந்துக்குப் போன வீட்டில் ஜன்னலோரம் நின்று பேசுவது சந்தேகத்துக்கு உரியதாயிற்று. ஈரக் கைக்குட்டையில் சுற்றிய ஓர் இலை பைக்குள் போய்விடும். இதைத் திருட்டு என்று சொல்ல அந்த வட்டாரத்தில் யாருக்கும் துணிச்சல் இல்லை, எல்லாருடைய முதல் செடியும் அப்படித்தான் வந்தது.

1946 நவம்பரில் அட்லாண்டாவில் முதல் தேசியக் கண்காட்சி நடந்து, அமெரிக்க ஆப்பிரிக்கன் வயலட் சங்கம் பிறந்தது. ஊர் ஊராகக் கிளைச் சங்கங்கள் முளைத்தன. மாதம் ஒரு கூட்டம். காப்பி, கேக், குலுக்கலில் ஒரு செடி, இலைப் பரிமாற்றம். திருட்டுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கம் என்று வந்துவிட்டால் போட்டி வரும், போட்டி என்றால் மார்க். நூறு மார்க்கில் இலை அடுக்கின் ஒழுங்குக்கு 25, பூவின் எண்ணிக்கைக்கு 25, வளர்ப்பின் சுத்தத்துக்கு 25, பூவின் அளவுக்கும் வகைக்கும் 15, நிறத்துக்கு 10. கடைசி இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: ஒரு பூ எப்படி இருக்கிறது என்பதற்கு மொத்தமே இருபத்தைந்து. மீதி எழுபத்தைந்தும் அம்மாளின் உழைப்புக்கு. இலைகள் வாசலில் போட்ட கோலம் போல நாலாபக்கமும் சமமாக விரியவேண்டும், அதற்காகத் தொட்டியை நாள் தவறாமல் கொஞ்சம் திருப்பி வைக்கவேண்டும். நடுவில் ஒரே ஒரு குருத்துதான். பக்கத்தில் குட்டி எட்டிப்பார்த்தால் கிள்ளிவிடவேண்டும். விட்டு வளர்ந்தால் இரட்டைக் குருத்து, போட்டியிலிருந்தே வெளியே. கண்காட்சிக்கு ஆறு எட்டு வாரம் முன்புவரை வருகிற மொட்டையெல்லாம் ஈவிரக்கமின்றிக் கிள்ளி எறிவார்கள், அப்போதுதான் அந்த ஒரு சனிக்கிழமையில் எல்லாம் சேர்ந்து பூக்கும். இலையில் சுணை இருப்பதால் தூசி ஒட்டும்; ஓவியர்களின் மெல்லிய தூரிகையால் இலை இலையாகத் துடைக்கவேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் இலையில் தேமல் விழும் என்பதால் குளிக்க வெந்நீர் கேட்கிற மாப்பிள்ளை மரியாதை அதற்கு உண்டு. அட்டையில் ஓட்டை போட்டுத் தொட்டியைச் செருகி, காரின் முன் இருக்கையில் வைத்து, கணவரைப் பின்னால் உட்காரச் சொல்வார்கள்.

இதைப் பார்க்க வருகிற நடுவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர்; வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறியவர்கள். ஆறு அங்குலம்வரை விரிந்தால் மினியேச்சர், எட்டுவரை செமி-மினியேச்சர். செமியைத் தாண்டியதைச் செமி என்று மேஜையில் வைத்தால், அளவுகோல் வெளியே வரும். அந்தக் கணத்தில் அங்கே நிலவுகிற பகைமையை நினைத்தால் தாங்கா யுத்தம் கௌரவமாகத் தெரிகிறது.

கணவர்கள் பாட்டைச் சொன்னேன். குழல் விளக்கு வந்ததும் செடிகள் ஜன்னலை விட்டு நிலவறைக்கு இறங்கின. அடுக்கடுக்காகப் பலகை அடித்து விளக்கு மாட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ரஷ்யாவில் நிலைமை இன்னும் மோசம். இந்தச் செடி வீட்டில் இருந்தால் புருஷனை விரட்டிவிடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அப்படியும் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் உலகின் மிக ஆடம்பரமான ரகங்கள் உருவாயின. நம்பிக்கை பொய்யா, அல்லது அந்தப் பெண்கள் இரண்டையும் நிதானமாக எடைபோட்டு முடிவெடுத்தார்களா என்பது அவரவர் யூகத்துக்கு.

விதைகளை விண்வெளிக்கும் அனுப்பினார்கள். ஒப்டிமாரா ரகங்களை வளர்க்கும் ஹோல்ட்கம்ப் குடும்பத்தார் நாசாவின் செயற்கைக்கோள் ஒன்றில் 1984-இல் ஏற்றிவிட்ட விதைகள், ஓர் ஆண்டில் திரும்பவேண்டியவை, கால அட்டவணை குழம்பி 1990-இல்தான் தரையிறங்கின. முளைத்தன. பூத்தன. விற்கப்பட்டன. இந்தக் காலமெல்லாம் உசம்பாராவில் காடு சுருங்கிக்கொண்டே வந்தது. உலகம் பூராவும் ஜன்னல்களில் கோடிக்கணக்கில் இருக்கிற செடியின் காட்டுச் சொந்தங்கள் பல, பிறந்த பாறையில் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அவற்றுக்கு மார்க் போட நடுவர் யாரும் போவதில்லை.

பரோன் விஷயத்துக்கு வருவோம். மரபணுவைப் படித்துப் பார்த்த விஞ்ஞானிகள் செயின்ட்பாலியா என்று தனிப் பேரினமே கிடையாது, அது ஸ்ட்ரெப்டோகார்பஸ் கூட்டத்துக்குள் ஒரு கிளைதான் என்று கண்டார்கள். ஸ்ட்ரெப்டோகார்பஸ் 1828-இலேயே பெயர் பெற்றது. தாவர நூல் சட்டத்தில் மூத்த பெயருக்குத்தான் முன்னுரிமை. 2012-இல் செடி ஸ்ட்ரெப்டோகார்பஸ் அயோனாந்தஸ் ஆனது. 2015-இன் புதிய வகைப்பாட்டில் பரோன் குடும்பத்துக்கு உட்பிரிவு ஒன்றின் பெயர் மட்டும் மிஞ்சியது. சாம்ராஜ்யம் முன்பே போயிருந்தது. இப்போது பேரினமும் போயிற்று.

சங்கங்களில் இந்தச் செய்தி பெரிய பரபரப்பை உண்டாக்கவில்லை. பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் லேபிள் எழுதி வைத்திருக்கிற ஒரு பாட்டியிடம் போய் எல்லாவற்றையும் மாற்றி எழுதுங்கள் என்று சொல்லும் விஞ்ஞானி இன்னும் பிறக்கவில்லை. அப்படியே ஒருவர் போனாலும், பாட்டி அவரை உட்காரவைத்து, கேக் கொடுத்து, கிளம்பும்போது ஓர் இலையைக் கிள்ளி ஈரத்துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து, சாயங்காலத்துக்குள் ஊன்றிவிடு, காம்பைச் சாய்வாக வெட்டு, பச்சைத்தண்ணீர் மட்டும் ஊற்றித் தொலைத்துவிடாதே என்று சொல்லித்தான் அனுப்புவாள்.