முதல் ரிங்கிலேயே எடுத்தால்

கிரெடிட் கார்டு மோசடிக்காரனை அடையாளம் காண எத்தனையோ குறிப்புகள் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒன்றே போதும். போனில் பேசுகிறவர் மரியாதையாகப் பேசினால் அவர் வங்கிக்காரர் இல்லை.

என் வங்கியை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். கவுண்டரில் போய் நின்றால் நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் மனசு வராது. பாஸ்புக் பதிகிற மெஷின் நான் போகிற அன்றைக்கெல்லாம் ரிப்பேர். அப்பேர்ப்பட்ட வங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுச் சற்றே தலை சாய்க்கிற நேரத்தில் தானாகக் கூப்பிட்டு, "வணக்கம் சார், சாப்டீங்களா சார்? உங்க ரிவார்டு பாயிண்ட் ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபா இன்னைக்கு ராத்திரி பன்னண்டு மணிக்கு வீணாப் போயிடும் சார்" என்று பதறுமா? என் பணம் வீணாவதைப் பற்றி என் வீட்டிலேயே யாரும் அப்படிப் பதறியது கிடையாது.

இந்தத் தத்துவத்தின் மூலவர் நானல்ல, என் அத்தை. ட்ரங்க் கால் காலத்தில் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஊரார் பேசுவதைக் கேட்கக் கூடாது என்பது டிபார்ட்மென்ட் விதி. காது பாவம், அது விதியைப் படிக்கவில்லை. மறுமுனையில் ஒருவர் "ஹலோ" என்றால், அவர் கடன் கொடுத்தவரா வாங்கியவரா என்று அத்தை அந்தக் காலத்திலேயே சொல்லிவிடுவாராம். இப்போது என் வீட்டில் இருக்கிறார். சார்ஜில் கிடக்கும் என் போன் மத்தியானத்தில் அடித்தால் எடுப்பது அவர்தான்.

ரிவார்டு பாயிண்ட் தம்பியிடமும் அவர்தான் பேசினார். நம்பிக்கை வரட்டும் என்று அவன், "உங்க கார்டு 4-ல ஆரம்பிக்குது, சரியா மேடம்?" என்று கேட்டு, அடுத்த ஐந்து எண்ணையும் கடகடவென்று ஒப்பித்தான். கேட்கிறவர் அசந்துபோவது இந்த இடத்தில்தான். நம் ஜாதகமே கையில் இருக்கிறது, நிஜ ஆள்தான் என்று தோன்றிவிடும். ஆனால் விசா கார்டு எல்லாமே 4-இல்தான் ஆரம்பிக்கும். முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள், எந்த வங்கி கொடுத்த கார்டு என்பதைச் சொல்பவை. அந்த வங்கியில் அதே வகைக் கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் அது ஒன்றுதான். தெருமுனையில் குடுகுடுப்பைக்காரர், "இந்த வீட்ல ஒரு மனக்கஷ்டம் இருக்கு தாயி" என்பாரே, அவ்வளவுதான் இதில் இருக்கிற ரகசியம். மனக்கஷ்டம் இல்லாத வீடு எது?

மீதி எண்களை அத்தையையே சொல்லச் சொன்னான். அத்தை சொன்னார். கார்டைப் பார்த்து அல்ல. அந்தக் கால உறையூர், தில்லைநகர் டெலிபோன் நம்பர்களைக் கோத்துச் சொன்னார். சற்று நேரம் மௌனம். "எரர் காட்டுது மேடம், திரும்பச் சொல்லுங்க." காட்டத்தான் செய்யும். கார்டின் கடைசி இலக்கம் சும்மா வைப்பதில்லை. மற்ற இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று இரட்டித்துக் கூட்டிக் கண்டுபிடிப்பது. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1950-களில் கொடுத்த கணக்கு அது. வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னால் பத்துக்கு ஒன்பது தடவை தேறாது. அத்தைக்கு லூனைத் தெரியாது. எதிராளியின் பொறுமையைச் சோதிக்கத் தெரியும். ஒரு எண்ணை மாற்றித் திரும்பச் சொன்னார். மறுபடியும் எரர்.

கடைசியில் அவன், "வாட்ஸப்ல ஒரு ஆப் அனுப்புறேன், இன்ஸ்டால் பண்ணுங்க, ஓடிபிகூட நீங்க சொல்ல வேண்டாம்" என்றான். விஷமெல்லாம் அந்தக் கடைசி வார்த்தையில்தான். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது நாம் சொல்லவே தேவையில்லாத ஏற்பாடு வந்துவிட்டது. அந்த ஆப்பை உள்ளே விட்டால் நமக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை அதுவே படித்து அங்கே அனுப்பிவிடும். "என் போன்ல பட்டன்தான்ப்பா இருக்கு" என்றார் அத்தை, என் ஸ்மார்ட்போனைக் காதில் வைத்துக்கொண்டு. அவன் முதல் முறையாக மரியாதை இல்லாமல் ஏதோ சொல்லிவிட்டு வைத்தான். (யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எடுத்த எடுப்பில் வைத்துவிடுவதுதான் உத்தமம். அத்தைக்கு முப்பது வருஷ சர்வீஸ்.)

போனே வராமல் நடக்கிற திருட்டுதான் பேஜார். மாடி வீட்டு ஆடிட்டருக்கு அது நடந்தது. அடுத்தவர் கணக்கில் இரண்டு ரூபாய் உதைத்தால் ராத்திரி தூங்காத மனிதர். தன் கார்டில் ஏதோ வெளிநாட்டுத் தளத்தின் பெயரில் எண்பத்துச் சொச்ச ரூபாய் போனதற்கு மெசேஜ் வந்தபோது, மகள் ஏதாவது வாங்கியிருப்பாள் என்று விட்டுவிட்டார். அந்த எண்பது ரூபாய் வெள்ளோட்டம். கார்டு உயிரோடு இருக்கிறதா, சொந்தக்காரர் விழித்திருக்கிறாரா என்று பார்க்கிற சோதனை. இரண்டும் தெரிந்துகொண்டு, அதே ராத்திரி இரண்டு மணிக்குப் பதினெட்டாயிரத்தை உருவிவிட்டார்கள். இங்கே ஆன்லைனில் கார்டு தேய்க்க ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டு 2009-இலிருந்து கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றுக்கு எண்ணும், தேதியும், பின்பக்க மூன்று இலக்கமும் போதும். 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகள் வெளிநாட்டு உபயோகம் அணைத்தபடியேதான் வருகின்றன. ஆடிட்டர் மகளின் வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்துக்காக அதைப் போட்டவர், அணைக்கவில்லை. பாத்ரூம் லைட்டை அணைக்காததற்காக அந்த மகளைத் தினமும் திட்டுவது மாடியிலிருந்து எங்களுக்கே கேட்கும்.

காலையில் வேட்டியோடு கீழே ஓடிவந்தார். முதல் காரியமாக அவர் போனில் வங்கி ஆப்பைத் திறந்து கார்டைப் பூட்டினோம். அதற்கு அரை நிமிஷம் ஆனது. பிறகு கஸ்டமர் கேருக்கு என் போனிலிருந்து அடித்தார். முதல் ரிங்கிலேயே எடுத்து, "சொல்லுங்க சார், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்றது ஒரு குரல்.

அத்தை சமையலறையிலிருந்து கத்தினார். "முதல் ரிங்லயே எடுத்துட்டானா? கட் பண்ணு! நம்பர் எங்கேர்ந்து எடுத்தே?"

"கூகுள்லம்மா."

"கார்டைத் திருப்பு."

கார்டின் பின்பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக்கும் அடங்காத எழுத்தில் ஒரு எண் இருந்தது. அதற்கு அடித்தோம். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும். கடனுக்கு இரண்டை அழுத்தவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். பிறகு வயலின். அத்தை ஸ்பீக்கரில் ஐந்து நிமிஷம் அந்த வயலினைக் கேட்டுவிட்டு, "இதுதான் நம்ம பேங்க்" என்று நிம்மதியாகத் தாளிக்கப் போனார்.

வயலின் முடிந்ததும் மெஷின் பதினாறு எண்ணையும் பிறந்த தேதியையும் கேட்டது. ஆடிட்டர் அடம்பிடித்தார். "இதெல்லாம் கேக்குறவன் திருடன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க!" நாமாகச் சரியான எண்ணுக்குக் கூப்பிட்டால் கேட்கலாம், அவர்களாகக் கூப்பிட்டால் கேட்கக் கூடாது என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் லைன் கட்டாகி, மறுபடி வயலின்.

புகார் எண் வாங்கி, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் அவர் முகத்தில் ரத்தம் வந்தது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி ஒன்றை அவரே விளக்கினார். விதி என்றால் ஆடிட்டருக்குத் தெம்பு. தவறு வங்கி பேரிலும் இல்லாமல் நம் பேரிலும் இல்லாமல் நடுவில் எங்கோ நடந்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமே இல்லை. நாலு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்புவரை நம் தலையில். புகார் கொடுத்து பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். ஓடிபியை நாமே தாரை வார்த்திருந்தால் மட்டும், புகார் கொடுக்கும்வரை போனது போனதுதான். எட்டாம் நாள் பணம் வந்தது. அதற்குள் மனிதர் ஆப்பைத் திறந்து பார்த்துப் பார்த்துப் போனையே தேய்த்துவிட்டார்.

பழைய கார்டை ஒழித்துவிட்டுப் புதுக் கார்டு கொடுத்தார்கள். வெளிநாட்டு உபயோகம், தட்டிப் பணம் கட்டுவது எல்லாவற்றையும் அணைந்தபடியே விட்டு, ஆன்லைன் வரம்பை ஐயாயிரத்தில் கட்டிப்போட்டார். அத்தோடு, வங்கியின் சேவை அழைப்புகள் 1600-இல் தொடங்கும், விளம்பர அழைப்புகள் 140-இல் தொடங்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, மற்ற எண்ணிலிருந்து யார் பேசினாலும் வைத்துவிட ஆரம்பித்தார். பழைய கார்டில் மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்த இன்சூரன்ஸ் பிரீமியம் நின்றுபோனது அவர் நினைவுக்கே வரவில்லை.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கூப்பிட்டிருக்கிறார். தங்கமான மனுஷர். "வணக்கம் சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா சார்? பிரீமியம் டியூ தாண்டிடுச்சு, இன்னைக்குள்ள கட்டினா நல்லது சார்" என்று சொல்லியிருக்கிறார். மரியாதையும் அவசரமும் ஒரே வாக்கியத்தில். ஆடிட்டர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் ஏஜென்ட் நேரிலேயே வந்துவிட்டார். மாடியில் கதவு திறக்காததால் எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை அடையாள அட்டையை வாங்கி, போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அவர் கண் கலங்காத குறையாக, "பதினைந்து வருஷப் பழக்கம்மா, என்னைப் போய் அப்படிப் பேசிட்டார்" என்றார்.

"உங்க மேலதான் தப்பு" என்றார் அத்தை. "அடுத்த தடவை போன்ல கொஞ்சம் எரிஞ்சு விழுங்க. நம்பிடுவார்."