கிறிஸ்துமஸ் செலவும் ஜனவரிக் கடனும்

கேள்வி: கேக், புதுத்துணி, குடில், விருந்து என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸும் கடனில்தான் முடிகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: வாசலில் நட்சத்திரம் தொங்கட்டும், கடன்காரர் நிற்க வேண்டாம்! டிசம்பர் 25 திடீர் விருந்தாளி அல்ல, தேதி சொல்லிவிட்டு வருபவர். ஜனவரியிலிருந்தே மாதம் 500 ரூபாய் அஞ்சலகத்தில் தனியாகப் போட்டு வாருங்கள். டிசம்பரில் 6,000 கையில் இருக்கும்.

கிரெடிட் கார்டை நீட்டுமுன் ஒரு கணக்கு: பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். கேக் செரித்துவிடும், வட்டி செரிக்காது. துணிமணியை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்து வையுங்கள். முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் நாலு வீட்டுப் பெண்களும் ஆண்களும் கூடிச் சுட்டால் செலவு குறையும், சிரிப்பு கூடும்.

குடிலுக்கா? 1223-ல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசி நகரப் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலுக்கு வைக்கோலும் ஒரு மாடும் கழுதையும் போதுமானதாக இருந்தன. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் பிறந்தநாளுக்கு நாம் அடகுக்கடை ஏறலாமா?