வரப்போரம் ஒரு லேப்டாப்

கே: பையன் சென்னை கம்பெனி வேலையை வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கிறான். ‘வேலை போயிடுச்சா?’ என்று தெருவே விசாரிக்கிறது. என்ன சொல்ல?
– வாசகி, அம்மாப்பேட்டை

ப: ‘போகலை, வேலைதான் வீடு தேடி வந்திருக்கு’ என்று சொல்லுங்கள் அம்மா. மீட்டிங் நடக்கும்போது மட்டும் அவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பாதீர்கள்.

கே: வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு என் மகளை எந்த கோர்ஸில் சேர்க்கலாம்?
– வாசகர், கும்பகோணம்

ப: எந்த கோர்ஸில் சேர்த்தாலும் எழுதப் பழக்குங்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் வாயால் கேட்டுவிடலாம். எங்கோ இருப்பவருக்கு எழுதித்தான் புரியவைக்க வேண்டும். உங்கள் ஊர் டவுன் ஹைஸ்கூலில் படித்த கணித மேதை ராமானுஜன், 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்தபடியே கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நிரூபணம்தான் இல்லை. அசந்துபோன ஹார்டியும் பதிலில் நிரூபணம் கேட்டார். மேதையையே கேட்டார்கள், நம் பிள்ளைகளைக் கேட்க மாட்டார்களா?

‘எர்ரர் வருது சார்’ என்று அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ‘பில் போடும் பக்கத்தில், தொகையில் பைசா சேர்த்தால் நின்றுவிடுகிறது, முழு ரூபாயாகப் போட்டால் போகிறது’ என்று எழுதுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது. இதைப் பழகத்தான் கல்லூரியில் புராஜெக்ட் ரிப்போர்ட் வைத்திருக்கிறார்கள். அதைக் கடையில் விலைக்கு வாங்கி பைண்டிங் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மகளையே எழுதச் சொல்லுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும்.

கே: தமிழ் மீடியம். இங்கிலீஷ்தான் தகராறு. தேறுவேனா?
– வாசகர், மன்னார்குடி

ப: தேறுவீர்கள் தம்பி. ஆங்கிலத் தாளில் கோட்டைவிட்டு, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர்தான் மேலே சொன்ன ராமானுஜன். ஜோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமல், உதவித்தொகையும் கொடுத்துக் கற்றுத்தருகிறார்கள். அங்கே ஆங்கிலமும் ஒரு பாடம். முதலில் தமிழில் குழப்பமில்லாமல் எழுதுங்கள். குழப்பத்தை எந்த மொழியில் எழுதினாலும் குழப்பம்தான்.

கே: தஞ்சாவூரிலேயே டைடல் ஐ.டி. பூங்கா வந்தாச்சே, இனி வீட்டிலிருந்து வேலை எதற்கு?
– வாசகர், வல்லம்

ப: 2024 செப்டம்பரில் மேலவஸ்தாசாவடியில் திறந்தார்கள், நல்ல காரியம். நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். பேராவூரணிக்காரர் தினமும் வர முடியுமா? அவர் ஊர் நூலகத்தில் நாலு மேசை, இன்வெர்ட்டர், அறுந்துபோகாத இணைப்பு வேண்டும்.

கே: மேட்டூர் அணை திறந்தால் நடவும் பார்க்கணும், வேலையும் பார்க்கணும். முடியுமா?
– வாசகர், திருவையாறு

ப: முடியும், ஒரே நேரத்தில் முடியாது. நடவன்றைக்கு முன்கூட்டியே லீவு கேளுங்கள். முடித்தது எது, மிச்சம் எது, அவசரத்துக்கு யாரைக் கேட்பது என்று மூன்று வரி எழுதி அனுப்பிவிட்டு வயலில் இறங்குங்கள்.