இந்த வாரச் சொல்: டேக் ஓவர்

கே: 'டேக்' என்றால் எடு, 'ஓவர்' என்றால் மேலே. சேர்த்தால் 'மேலே எடு' என்றுதானே வரவேண்டும்?
– ஒன்பதாம் ஆண்டு மாணவி, ஹந்தானை

ப: 'போட்டுக்கொடுத்தான்' என்கிறோமே, எதைப் போட்டான், எதைக் கொடுத்தான்? கங்காணியிடம் கோள் சொன்னான், அவ்வளவுதான். இரண்டு சொல் கூட்டுச் சேர்ந்ததும் பழைய பொருளை வீட்டில் விட்டுவிட்டு வருவது எல்லா மொழிக்கும் உள்ள பழக்கம். இன்னொருவர் கையில் இருந்த பொறுப்பை அல்லது அதிகாரத்தைத் தன் கைக்கு எடுப்பதுதான் டேக் ஓவர்.

கே: டேக் ஓவருக்கும் ஓவர்டேக்குக்கும் என்ன வித்தியாசம்?
– பஸ் பயணி, கட்டுகஸ்தோட்டை

ப: முன்னால் போகும் பஸ்ஸை உங்கள் டிரைவர் முந்தினால் ஓவர்டேக். டிரைவருக்கு நித்திரை வந்து கண்டக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் டேக் ஓவர். கடுகண்ணாவை வளைவில் முதலாவதைச் செய்தால், கடைசியில் நம்மைப் பொறுப்பேற்க வருபவர் அண்டர்டேக்கர். அதாவது, மலர்ச்சாலைக்காரர்.

கே: "டேக் ஓவர் இட்" என்றேன். சேர் சிரித்துவிட்டார். ஏன்?
– உயர்தர மாணவன், கம்பளை

ப: 'இட்', 'தெம்' போன்ற குட்டிச் சொற்கள் நடுவில்தான் உட்காரும்: டேக் இட் ஓவர். பஸ் சீட்டில் சின்னப் பிள்ளையை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருத்துவதுபோல. பெரிய ஆள் எங்கும் உட்காரலாம்: டேக் ஓவர் த எஸ்டேட், டேக் த எஸ்டேட் ஓவர், இரண்டும் சரி.

கே: காலை டியூட்டிக்கு வந்ததும் நைட் டியூட்டிக்காரரிடம் பொறுப்பெடுப்பதை எப்படிச் சொல்வது?
– தாதி, பேராதனை

ப: போகிறவர் ஹேண்ட் ஓவர், வருகிறவர் டேக் ஓவர். ஆளின் பெயருக்கு முன்னால் 'ஃப்ரம்' போட மறக்காதீர்கள். மறந்தால் வார்டை விட்டுவிட்டு அந்தத் தாதியையே எடுத்துக்கொண்டதாகிவிடும்!

கே: கண்டியை வெள்ளைக்காரன் டேக் ஓவர் பண்ணினானா, பிரதானிகள் ஹேண்ட் ஓவர் பண்ணினார்களா?
– சரித்திர மாணவர், பேராதனை

ப: 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தில் பிரதானிகள் நிபந்தனையோடு கொடுத்ததாக நினைத்தார்கள். வெள்ளைக்காரன் முழுதாக எடுத்ததாக நினைத்தான். 1817இல் மூண்ட கிளர்ச்சி இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடந்த சண்டைதான். இடையில் நாட்டை இழந்த மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். அவனை எவரும் கேட்கவில்லை.

கே: கோப்பியைத் தேயிலை டேக் ஓவர் பண்ணியது என்று எழுதலாமா?
– ஆசிரியர், தெல்தோட்டை

ப: 'ஃப்ரம்' சேர்த்து எழுதுங்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது கோப்பிதான் ராஜா. 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியைப் படிப்படியாகச் சாய்த்தது. தேயிலை சண்டை போட்டு வெல்லவில்லை, காலியான நாற்காலியில் உட்கார்ந்தது.

கே: ஹந்தானை ஏறினேன். பாதி வழியில் அட்டைகள் என் காலை டேக் ஓவர் பண்ணிவிட்டன. இது சரியான ஆங்கிலமா?
– மலையேறி, கண்டி

ப: அட்டைக்கு 'பைட்' என்றாலே போதும். உங்களைப் பயம் பிடித்து ஆட்டியிருந்தால் அதற்கு டேக் ஓவர் சொல்லலாம்.

கே: புது மருமகள் குசினியை டேக் ஓவர் பண்ணிவிட்டாள். என்ன செய்வது?
– மாமியார், அம்பிட்டிய

ப: அடுப்பை அவளும் குறை சொல்வதை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அரசியலில் இதைக் கூட்டாட்சி என்பார்கள்.

கே: "1975இல் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, பிறகு கம்பனி எடுத்தது" என்பார் அப்பா. இந்த 'எடுத்தது'தான் டேக் ஓவரா?
– தோட்டத் தொழிலாளி மகள், கலகா

ப: அதேதான். ஆனால் பறித்தார்களா, வாங்கினார்களா, பொறுப்பேற்றார்களா என்பதை ஆங்கிலச் சொல் வாய் திறந்து சொல்லாது. தமிழில் பிரித்துச் சொல்லலாம். 1975இல் கம்பனித் தோட்டங்களுக்கு நடந்தது சுவீகரிப்பு. 1992இல் பெரும்பாலான தோட்டங்களில் கம்பனிகள் ஏற்றது நிர்வாகத்தை மட்டும், நிலம் அரசாங்கத்தினுடையதே. கண்டிப் பக்கத்தில் சில தோட்டங்கள் அரசாங்க நிறுவனமான ஜனவசமவிடமே தங்கிவிட்டன. எழுபதுகளில் பசியும் விரட்டலும் தாங்காமல் இந்த மலைகளை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களுக்கு நடந்ததைச் சொல்ல டேக் ஓவர் போதாது. அதற்குத் தமிழில் துரத்தியடித்தல் என்று பெயர்.

வெள்ளைக்காரத் துரை, அரசாங்கத் துரை, கம்பனித் துரை என்று பங்களாவை எடுத்தவர்கள் வரிசையாக வந்தார்கள். லயத்தை 'நான் பொறுப்பெடுக்கிறேன்' என்று வந்தவரைத்தான் இன்னும் காணவில்லை.