மூவேந்தர்களுக்கு ஒரு ரேம் மனு

பெறுநர்:
சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவேந்தர்கள்,
முகாம்: சூவோன், இச்சோன், பாய்சி.

பொருள்: வீட்டுக் கணினிக்குக் கூடுதலாக 16 ஜிபி ரேம் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: விலையைப் பேசிவைத்துக்கொண்ட வழக்கில் தங்களில் இருவர் 2005-இல் அமெரிக்காவில் அளித்த குற்ற ஒப்புதல்.

மாட்சிமை பொருந்தியவர்களே,

உலகத்துக் கணினிகளின் நினைவாற்றலில் பெரும்பங்கு தங்கள் மூவர் கையில் இருப்பதால், வேறு யாரிடம் போவது என்று தெரியாமல் தங்கள் சமூகத்துக்கே எழுதுகிறேன். முகவரி மூன்றோடு முடிந்துவிட்டதில் தபால் செலவு மிச்சம்.

நான் சென்னையில் டிடிபி தொழில் பார்த்து ஓய்ந்தவன். வீட்டில் இருப்பது ஒரு கணினி. அதற்குள் நான்கு கணினி ஓடியாக வேண்டும். மகள் சைபர் செக்யூரிட்டி படிக்கிறாள். தாக்குவதற்கு ஒரு காளி லினக்ஸ், அடி வாங்குவதற்கு ஒரு விண்டோஸ் சர்வர், ஓரமாக நின்று குறிப்பெடுக்க ஓர் உபுண்டு, மூன்றும் அவளுக்கு ஒரே நேரத்தில் வேண்டும். எனக்கு ஒரு விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் கோக்கும் பேஜ்மேக்கரை ஓட்ட. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-க்குப் பிறகு பேஜ்மேக்கர் என்று ஒன்று வரவே இல்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் நான் அடித்துக் கோத்த கோயில் மலர்களும் நூற்றாண்டு விழா மலர்களும் அதற்குள்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ‘அன்புடையீர்’ என்பது கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கிலக் கிறுக்கலாக வந்து நிற்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருள் இத்தனையையும் காசில்லாமல் செய்து தருகிறது. அதைப் போன்ற தேர்ந்த பொய்யனை நான் பார்த்ததில்லை. இல்லாத ஹார்ட் டிஸ்க், இல்லாத சிடி டிரைவ், இல்லாத நெட்வொர்க் கார்டு எல்லாம் இருப்பதாகச் சாதிக்கிறது. உள்ளே ஓடும் எக்ஸ்பியும் நம்பிவிடுகிறது. பிராசசரைக்கூட ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து ஒப்பேற்றிவிடுகிறது. ரேமில் மட்டும் அதன் பொய் எடுபடுவதில்லை. மகளின் சர்வருக்கு 4 ஜிபி என்று ஒதுக்கினால் எங்கிருந்தாவது 4 ஜிபி வந்தாக வேண்டும். ரேம் ஒதுக்கும் திரையில் ஒரு கோடு உண்டு. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். 8 ஜிபி கணினியில் எங்கள் குடும்பம் சிவப்பில்தான் குடியிருக்கிறது. அதையும் தாண்டினால், கணினி ரேமில் இருப்பதைத் தூக்கி டிஸ்கில் போட்டு, வேண்டும்போது எடுத்து, மறுபடி போடுகிறது; மவுஸின் அம்புக்குறி நன்றாக யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது.

பெரிய சர்வர்களில் இதற்கும் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். பலூன் என்று பெயர். இப்படி உள்ளே ஓடும் மெய்நிகர் கணினிக்குள் ஒரு நிரலை அனுப்பி, ‘ரேம் வேண்டும், இன்னும் வேண்டும்’ என்று கேட்க வைத்து, அப்படிச் சுருட்டியதை வெளியே எடுத்து அடுத்த கணினிக்குத் தந்துவிடுவார்கள். விஎம்வேர் கம்பெனிக்காரர்கள் 2002-இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். கொடுத்த மாதிரியும் இருக்க வேண்டும், கொடுக்காமலும் இருக்க வேண்டும். எங்கள் தேர்தல் அறிக்கைகள் இதைவிட மூத்தவை.

எக்ஸ்பியை நான் குறை சொல்ல மாட்டேன். பாவம், 128 எம்பி போதும் என்று பிறந்த உயிர் அது. அதைச் சுமக்கிற விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி கேட்கிறது, பிரவுசரை இன்னும் திறக்கவே இல்லை.

ரேம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். ‘டிடிஆர் ஃபோரா, ஃபைவா சார்?’ என்றார் கடைக்காரர். இரண்டிலும் 288 பின்தான்; நடுவில் உள்ள வெட்டு மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையாது. ஃபோர் என்றேன். விலை சொன்னார். நாளைக்கு வரட்டுமா என்றேன். ‘இன்னிக்கு சொன்ன ரேட்டு இன்னிக்கு மட்டும்தான் சார்.’

எங்கள் பழைய மூவேந்தர்கள் ஒருவரோடு ஒருவர் மோதியே காலம் தள்ளியவர்கள். தாங்கள் அப்படியல்ல. 1999 முதல் 2002 வரை நடந்த விலைக் கூட்டுக்காகச் சாம்சங் 30 கோடி டாலரும் ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும் அமெரிக்காவில் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. மைக்ரான் விசாரணைக்கு ஒத்துழைத்துத் தண்டனையிலிருந்து விலக்குப் பெற்றது. 2010-இல் ஐரோப்பிய ஆணையம் மொத்தம் 33.1 கோடி யூரோ விதித்தபோதும், முதலில் போய்ச் சொன்னவர் என்பதால் அதற்கு அபராதம் இல்லை. அன்று குறுநில மன்னர்களும் இருந்தார்கள். இன்ஃபினியானின் நினைவகப் பிரிவு கிமோண்டா என்று தனிக்குடித்தனம் போய் 2009-இல் திவாலானது. எல்பிடா 2012-இல் திவாலாகி, மறு ஆண்டே மைக்ரானிடம் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு அமெரிக்க நுகர்வோருக்கு ரேம் கம்பெனிகள் 31 கோடி டாலர் சமரசத் தொகை தந்தன. அதே காலத்தில் ரிச்சி தெருவில் ரேம் வாங்கியவர்களுக்கு அந்தச் செய்தியைப் படிக்கும் பாக்கியம் கிடைத்தது.

இப்போது விலை ஏறுவதற்குப் பேசிவைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஏஐ வந்துவிட்டது. ஏஐ சில்லுகளுக்குப் பக்கத்தில் வைக்கும் எச்பிஎம் நினைவகம், அதே அளவு டிடிஆர் 5-ஐவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை விழுங்குகிறது. லாபமும் அதில்தான். 29 ஆண்டுகளாக வீட்டுக் கணினிகளுக்கு ரேம் விற்ற க்ரூஷியல் வியாபாரத்தை மூடப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. டேட்டா சென்டர்களின் பசிதான் காரணம் என்பதை மறைக்கவும் இல்லை. அந்த நேர்மைக்கு என் வந்தனம்.

விவரம் தெரிந்தவர்கள் எனக்கு ஒரு வழி சொல்கிறார்கள்: ‘எதுக்கு சார் ரேம்? கிளவுடில் ஒரு மெஷினை மணிக்கணக்குக்கு எடுத்துக்கோங்க.’ அதுவும் மெய்நிகர் கணினிதான். அது ஓடுவதும் தங்கள் ரேமில்தான். ஒரு முறை காசு கொடுத்து வாங்கி, கணினி சாகும்வரை நான் வைத்திருந்திருக்கக்கூடிய அதே சரக்கு, டேட்டா சென்டரில் போய் உட்கார்ந்துகொண்டு, மணிக்கு இவ்வளவு என்று எனக்கே வாடகைக்கு வருமாம். மகள் சர்வரை அணைக்க மறந்து தூங்கிவிட்டாலும் மீட்டர் தூங்காது.

ஆகவே, டேட்டா சென்டர்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் சில்லுகளில் ஒரு 16 ஜிபிக்கு மட்டும் கருணை காட்டுமாறு வேண்டுகிறேன். விலையைக் குறைக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. காலையில் சொன்ன விலை சாயங்காலம்வரை நின்றால் போதும். அதுவும் முடியாதென்றால், காலைச் செய்தியில் தங்கம், வெள்ளியோடு ரேம் நிலவரத்தையும் சேர்த்து வாசிக்க ஏற்பாடு செய்யவும். சவரனுக்கா, ஜிபிக்கா என்பது தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
8 ஜிபி குடிமகன்,
சென்னை.

இணைப்பு: 2000-இல் வாங்கிய 64 எம்பி ரேம் ஒன்று. தங்களில் ஒருவருடையதோ, மறைந்த குறுநில மன்னர் எவருடையதோ, சொல்ல முடியவில்லை, சீட்டு உரிந்துவிட்டது. பில் பத்திரமாக இருக்கிறது. அன்று கூடுதலாகப் போன தொகையைப் புதிய ரேமின் விலையில் கழித்துக்கொள்ளவும்.