கட்டிலுக்கும் கிறிஸ்துமஸ் வந்தாச்சாம்!

வாங்கு தாயி, தாராளமா வாங்கு. வேணாம்னு சொல்லிப் பேத்தி ஆசையில மண்ணைப் போட்ட கிழவன்னு பேரெடுக்க நான் தயாரில்ல. விரிப்புல கலைமான் ஓடணும், தலகாணியில பனி கொட்டணும், போர்வையில சாண்டா தாத்தா மல்லாக்கப் படுத்துக் கிடக்கணும். போனைத் திருப்பிக் காட்டினியே, நல்லாத்தான் பார்த்தேன். படத்துல ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே கணப்பு, கட்டில்ல கம்பளிக் காலுறை போட்ட ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. நீ குடியிருக்கிறது பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில. உன் ஜன்னலைத் திறந்தா மோனோரயிலும், எதிர்வீட்டுக் கொடியில காயுற உள்பாவாடையும் தெரியும். விரிப்போட அந்த ஜன்னலையும் சேர்த்துத் தருவாங்களான்னு கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ.

நம்ம கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு மேல மூணே மூணு டிகிரி. டிசம்பர்ல விடிய விடிய மழை அடிச்சாலும் ராத்திரிச் சூடு 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்க அழுவுது. நீ பார்த்து வெச்சிருக்கிற துணிக்குப் பேரு ஃபிளானல். நூலைப் பிராண்டி மயிர் எழுப்பி, உடம்புச் சூடு வெளியே ஓடாம அடைச்சுப் போடுறதுக்குன்னே பண்ணினது. அதுக்கு அடுத்த விலையில ஃபிளீஸ், மைக்ரோஃபைபர்னு இருக்கே, அதெல்லாம் பாலியெஸ்டர். தொட்டா வழவழன்னு இருக்கும், வேர்வையை மட்டும் வாங்கிக்காது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் வேர்க்குது. அவரைக் கலைமானுக்கு நடுவுல படுக்கப்போட்டா விடியறதுக்குள்ள மானுக்குக் குளிப்பு ஆயிடும்.

"ஏர்கோன் இருக்கே தாத்தா"ன்னு சொல்லுவ. இருக்கு, மறுக்கலை. அரசாங்கம் ஆபீசுக்கெல்லாம் 24ல வை, 24ல வைன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. நீ 16ல வெச்சுக் குளிர வெச்சு, அந்தக் குளிருக்குப் போர்வை வாங்கப் போற. காசு கொடுத்துப் பனிக்காலம் வாங்கி, மறுபடி காசு கொடுத்து அதை விரட்டணும். இதை எங்க ரப்பர் தோட்டத்துக் கிராணி கேட்டிருந்தா சம்பளத்துல பிடிச்சிருப்பாரு. ஒண்ணு செய், கேமரன் மலையில ஒரு வீடு பாரு. அங்கே ராத்திரி நிசமாவே நடுங்கும். விரிப்பு, போர்வை எல்லாம் என் செலவு.

யார் பார்க்கப் போறாங்கன்னு மட்டும் நான் கேட்க மாட்டேன். அப்படிக் கேட்கிறவன் கிறிஸ்துமஸுக்கு ஒரு வீட்டுப் படியும் மிதிக்காதவன். திறந்த இல்ல விருந்துன்னா சீனக் கூட்டாளியும் மலாய்க்காரக் கூட்டாளியும் மரியாதையா ஹால்ல உட்கார்ந்து அச்சுமுறுக்கு தின்னுட்டுப் போவாங்க. சொந்தக்காரங்க நேரா பெட்ரூம். பெரியம்மா கைப்பை, சித்தி கைப்பை, மாமியோட ஸ்கார்ஃப், மூணு போன் சார்ஜர் எல்லாம் கட்டில் மேலதான் வரும். சாக்லேட் வாயைத் துடைக்காமலே ரெண்டு பிள்ளைங்க குறுக்கும் நெடுக்கும் தூங்கும். ஒருத்தி கதவைச் சாத்திக்கிட்டுப் பால் கொடுப்பா. இன்னொருத்தி யாரும் பார்க்காத நேரம் விரிப்போட முனையைத் தூக்கி, மெத்தை புதுசா பழசான்னு பார்த்து வெச்சுக்குவா. சாயங்காலம் பார்த்தா சாண்டா மூஞ்சி மேல பிரியாணி எண்ணெய். அவளுங்களுக்குக் காட்டணும்னுதான் வாங்குறேன்னா அது நியாயமான காரணம், நான் குறுக்கே நிற்கலை. பண்டிகைன்னாலே பாதி அதுக்குத்தானே. ஆனா அதுக்கு மேல்விரிப்பு ஒண்ணு போதும். ஏழு உருப்படிச் செட்டு எதுக்கு? உள்ளே கிடக்கிற கீழ்விரிப்புல பனி கொட்டுனா என்ன, புழுதி கொட்டுனா என்ன?

இப்பவே விரிக்கணும்னு துடிக்கிறியே, கோயிலுக்குப் போறவதானே நீ? திருவருகைக் காலம் நாலு வாரமும் ஃபாதர் ஊதா அங்கியில நிற்கிறாரு. கிறிஸ்துமஸுக்கு அவரு போடுறது வெள்ளை. சிவப்பும் பச்சையும் மான் கொம்பும் வியாபாரி வகுத்த வழிபாடு. சாமியார் கணக்குப்படி பார்த்தா உன் பாட்டி பெட்டியில மடிச்சு வெச்சிருக்கிற வெள்ளை விரிப்புத்தான் அசல் கிறிஸ்துமஸ் விரிப்பு. சும்மாவே கிடைக்கும். சும்மா கிடைக்கிறதுலதான் உனக்கு இஷ்டமில்ல.

சரி, வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்ட. அளவு பார்த்தியா? நம்ம ஊர்க் குயின் மெத்தை 152க்கு 190 செண்டிமீட்டர். அமெரிக்கக் குயினுக்கு அகலம் அதேதான், நீளம் 203. அவன் அளவுக்குத் தைச்சதை இங்கே மாட்டினா, அப்பன் சட்டையைப் போட்ட பொடியன் மாதிரி கால்மாட்டுல தொளதொளன்னு தொங்கும். இங்கிலாந்துக்காரன் கதை அதைவிடச் சிரிப்பு. அவன் கிங்னு சொல்றது 150க்கு 200. ராஜா ராஜான்னு நம்பி வாங்கிட்டு வந்தா நம்ம ராணிக்கே அகலம் பத்தாது. செண்டிமீட்டர் போடாத கடையில கையை வைக்காதே. மெத்தை எவ்வளவு உயரம்னும் அளந்துக்கோ. உன் மெத்தை தடிமன், சின்ன விரிப்பு நடுராத்திரியில மூலைக்கு மூலை சுருட்டிக்கிட்டு மேலே வந்துடும்.

இன்னொரு ஏமாத்து, ஆயிரம் நூல் துணின்னு பெரிய எழுத்துல போட்டிருக்கிறது. ஒரு சதுர அங்குலத்துல குறுக்கும் நெடுக்கும் ஓடுற நூலைத்தான் எண்ணணும். சில பேரு முறுக்கின ஒரே நூலைப் பிரிச்சு ரெண்டு, மூணுன்னு எண்ணி ஆயிரத்துக்குக் கொண்டுபோயிடுறான். பாலியெஸ்டர் துணிக்கும் ஆயிரம்னு போடுறான், கேட்கிறதுக்கு ஆளில்ல. நம்ம புழுக்கத்துக்கு முந்நூறுக்குள்ள இருக்கிற சுத்தப் பருத்தி போதும். காத்து புகுந்து போகும், வேர்வையும் காயும். வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வருது, மலிவுன்னும் மயங்காதே. 2024 ஜனவரி 1ல இருந்து, 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமானை இணையத்துல வெளியே இருந்து வரவழைச்சா நூத்துக்குப் பத்து வரி. கடைசிப் பக்கத்துல மொத்தத் தொகையைப் பார்த்துட்டு அப்புறம் மானைப் பார்.

ஜனவரி 6, மூணு ராசா திருநாள் முடிஞ்சதும் அந்தச் செட்டைத் துவைச்சு மடிச்சு ஸ்டோர் ரூம்ல போடுவ. அங்கே பதினோரு மாசம் தூக்கம். நம்ம ஊர்ப் புழுக்கத்துல அடைச்சு வெச்ச துணி என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? கரும்புள்ளி விழும், மக்கின வாடை வரும், கண்ணுக்குத் தெரியாத உண்ணி குடும்பத்தோட குடியேறும். உன் சின்னவனுக்கு ஏற்கெனவே விடிஞ்சா தும்மல். அப்புறம் அந்த நாலு மூலையும் இழுத்துப் பிடிக்கிற எலாஸ்டிக். கித்தாவைப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காதே தாயி, காப்பார் தோட்டத்துல இருட்டோட எந்திரிச்சுப் பெரட்டுக்குப் போய் மரம் சீவினவன் நான். வெக்கையில போட்டு வெச்ச கித்தா முதல்ல இளகும், அப்புறம் வெடிக்கும். மூணாவது கிறிஸ்துமஸுக்கு உன் விரிப்பை நாலு சட்டைப்பின் குத்தித்தான் நிறுத்தணும்.

டிசம்பர்ல துணி துவைக்கிறதே ஒரு தவம். காலையில உலர்த்தினா மத்தியானம் மழை, ராத்திரி ஈர நாத்தம். அந்தத் தடிப் போர்வை டோபிக் கடை மெஷின் ஒண்ணை முழுசா அடைச்சுக்கும். காயவைக்க இன்னொரு தடவை காசு போடணும்.

டிசம்பர் மழைன்னதும் கிள்ளான்காரனுக்கு 2021 வெள்ளம் ஞாபகம் வராம இருக்காது. அன்னிக்கு 18ஆம் தேதி, சனிக்கிழமை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுல தண்ணி கூரையைத் தொட்டுச்சு. சனங்க மாடியில நின்னு படகுக்குக் கை காட்டினாங்க. அதுல திரும்பி வராதவங்களும் இருக்காங்க, அவங்களை வெச்சு நான் வேடிக்கை பேச மாட்டேன். தண்ணி வடிஞ்சப்புறம் தெருவுக்குத் தெரு மெத்தையும் சோபாவும் மலையாக் குவிஞ்சு கிடந்துச்சு. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்கூட இல்ல. ஒரு பாய், ஒரு தலகாணி, காய்ஞ்ச போர்வை ஒண்ணு கிடைக்குமான்னுதான் சனங்க கேட்டாங்க. அதுல மான் இருக்கா, மயில் இருக்கான்னு ஒருத்தரும் விசாரிக்கலை. உன் அலமாரியில உபரியாக் கிடக்கிற விரிப்பு நல்ல பருத்தியா இருந்தா, அப்படி ஒரு நாளைக்கு யாருக்காவது உதவும். பாலியெஸ்டர் சாண்டாவை யாருக்குத் தருவ?

எங்க லயத்துல விரிப்புன்னு தனியா ஒண்ணு இருந்ததில்ல. கோதுமை மாவு மூட்டையைப் பிரிச்சு, வெளுத்து, தலகாணிக்கு உறை தைப்பா உங்க கொள்ளுப்பாட்டி. எத்தனை சவுக்காரம் போட்டாலும் மூட்டையில அச்சடிச்ச எழுத்து போகாது. உள்ளே இலவம்பஞ்சு. எங்களுக்கும் அச்சுப்போட்ட தலகாணி இருந்துச்சு போ, மான் மட்டும்தான் இல்ல. ஆனா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எல்லாத்தையும் அவிழ்த்துத் துவைச்சு, கஞ்சி போட்டு, வெயில்ல காயவைப்பாங்க. நடுராத்திரிப் பூசைக்குப் போயிட்டு வந்து படுத்தா மொடமொடன்னு இருக்கும், கஞ்சி வாசம் வரும். பழசு எல்லாமே பொன்னுன்னு சொல்றவன் நான் இல்ல. மூட்டைப்பூச்சியும் அதே தலகாணியிலதான் இருந்துச்சு.

இப்ப காதைக் கொடு, தொழில் ரகசியம் சொல்றேன். டிசம்பர் 26 காலையில கடைக்குப் போ. சீனப் பெருநாள் ஜனவரி கடைசியிலயோ பிப்ரவரியிலயோ வந்து நிற்கும். சீனருக்குச் சிவப்பு வேணும், கடைக்காரனுக்கு இடம் வேணும். கலைமானைத் தள்ளுபடியில தள்ளுவான். நீ மானைத் தொடாதே. மான் இல்லாத வெறும் சிவப்புப் பருத்தி எதுவும் அந்தக் கும்பல்ல கிடக்குதான்னு கிளறு. அது கிறிஸ்துமஸுக்கும் ஆகும், உன் சீனக் கூட்டாளி வர்ற அன்னைக்கும் ஆகும். ஒரு பச்சை இருந்தா நோன்புப் பெருநாளைக்கு. மஞ்சள் இருந்தா உன் மாமியார் வீட்டுப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும். இந்த நாட்டுல பண்டிகைக்குப் பஞ்சமில்ல, எந்தத் துணியும் சும்மா கிடக்க வேண்டியதில்ல. சாண்டா தாத்தாவைத்தான் பிப்ரவரியில விரிக்க முடியாது. சிவப்பை முதல் தரம் தனியாத் துவை, இல்லேன்னா மாப்பிள்ளை வெள்ளை பனியன் ரோஸாப்பூ நிறத்துல வரும்.

சின்னவனுக்கு மட்டும் ஆசை கெடக் கூடாது. பிள்ளை கேட்குதுன்னா அதுக்குக் கணக்குப் பார்க்காதே. ஆனா அவனுக்கு முழுச் செட்டு வேணுமா என்ன? மூஞ்சி வைக்கிற இடத்துல மான் இருந்தாப் போதும். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் மீட்டர் கணக்குல துணி வெட்டித் தர்ற கடைங்க இருக்கு. 45 அங்குல அகலத்துல ஒண்ணேமுக்கால் மீட்டர் எடுத்தா நீளவாட்டுல ரெண்டாக் கிழிச்சு, வாய்ப்பக்கம் ஒரு சாண் உள்ளே மடிச்சு ரெண்டு தலகாணி உறை தைச்சிடலாம். பொத்தானும் வேணாம், ஜிப்பும் வேணாம். உன் அம்மா தையல் மெஷின் என் அறையிலதான் துணி மாட்டுற ஸ்டாண்டா நிக்குது, எடுத்துக்கிட்டுப் போ. ரெண்டு வருஷத்துல பையன் மானை விட்டுட்டு ரோபோவுக்குப் போயிடுவான், அப்ப உறையைக் கிழிச்சுச் சமையக்கட்டுக்குப் போட்டாலும் வயிறு எரியாது.

ஒண்ணு சொன்னா நீ சிரிப்ப. நம்ம பாட்டன் ஊர்ப்பக்கம் கரூர்னு ஒரு ஊர் இருக்கே, அங்கே நெய்யுற விரிப்பும் மேசைத்துணியும் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகுது. வெள்ளைக்காரன் பண்டிகைக்கு விரிக்கிறதுல பாதி வெயில்ல நம்ம ஆளு வேர்க்க வேர்க்கத் தறி ஓட்டினதா இருந்தாலும் ஆச்சரியமில்ல. அப்படிப்பட்டவன் பேத்தி நீ, பனி நாட்டுக்காரன் போர்வைக்கு வரிசையில நிக்குற.

சரி, நான் இவ்வளவு பேசினேன், நீ ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டே விரலால என்னமோ தள்ளிக்கிட்டே இருந்த. கூடையில போட்டுட்டியா? பன்னிரண்டு பன்னிரண்டு விற்பனை நடுராத்திரி தொடங்குதுன்னு மாப்பிள்ளை சொன்னாரு. இலவசமா அனுப்புறதுக்கு இன்னும் பதினஞ்சு வெள்ளி குறையுதா? அப்படின்னா ஒரு பத்தேக் சாரோங் சேர்த்துப் போடு தாயி. நீலம் வேணாம், அரக்கு. கிறிஸ்துமஸ் ராத்திரி லூர்து மாதா கோயில் பூசை முடிஞ்சு உன் வீட்டுக்குத்தான் வருவேன். கட்டில்ல கைப்பையும் பிள்ளைங்களும் நிறைஞ்சிருக்கும், நான் ஹால்ல ஃபேனுக்குக் கீழே படுத்துக்கிறேன்.