இறுக்கண்ணன்

போல்ட் பிடித்துவிட்டது என்று ஸ்பேனருக்குத் தெரியும். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கும் பொடியனுக்குக்கூடத் தெரியும். இறுக்கண்ணனுக்கு மட்டும் தெரியாது. மூச்சை இழுத்து, கீழுதட்டைக் கடித்து, இடது கையைச் சுவரில் ஊன்றி, "ம்ம்ம்..." என்ற முனகலோடு இன்னும் ஒரு கால் சுற்று கொடுத்தால்தான் அவருக்கு அன்றைய சோறு இறங்கும். அப்புறம் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "இனி ஜென்மத்துக்கும் அசையாது" என்பார். அது சத்தியமான வார்த்தை. அசையாது. கழற்ற வேண்டிய நாளிலும் அசையாது.

அவர் குடியிருக்கும் கட்டடத்தைக் கண்டுபிடிக்க விலாசம் வேண்டாம். குழாய்களெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். சொட்டுகிற குழாயை அவர் இறுக்குவார், உள்ளே வாஷர் நசுங்கும், முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சொட்டும், அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் இறுக்குவார். அவர் கையால் மூடிய ஊறுகாய் பாட்டில் இருக்கும் வீட்டில் அடுத்த வேளைக்குப் பருப்புப் பொடிதான். பிரஷர் குக்கர் கைப்பிடி ஆடுகிறது என்று அந்த வீட்டு அம்மா வாய்தவறிச் சொன்னால், அன்று மாலைக்குள் கைப்பிடி ஆடாது. விரிசல் விட்டிருக்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை சம்ப் வால்வு. பெங்களூரு நீலசந்திராவில் காவேரித் தண்ணீர் நினைத்த நேரத்தில் வருவது. அது வருகிற வேளை பெரும்பாலும் ஊர் உறங்கும் வேளை. குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா ஓடி வந்து வால்வைத் திருகுவார். நகராது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் துண்டைச் சுற்றித் திருகுவார். அவருக்கும் நகராது. கடைசியில் ஒரு பையன் மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்ட, இறுக்கண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாவகாசமாக இறங்கி வருவார். ஒரே திருகு. தண்ணீர் கொட்டும். "பாத்தீங்களா, நான் இல்லன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு மேலே போவார். அவர் இல்லாவிட்டால் வால்வை எல்லோருமே திறக்கலாம் என்பதை அந்த நேரத்தில் யாரும் சொல்வதில்லை. தண்ணீர் பிடிப்பதுதான் முக்கியம்.

பழைய சைக்கிள் இவரைத் தாங்கியது. 1949-இல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஹெர்குலிஸில் பிரேக் என்றால் இரும்புக் கம்பி. ஹேண்டில் பாரிலிருந்து கோர்வையாக இறங்கி வந்து, ரிம்மின் உட்புறத்தில் ரப்பர் கட்டையை அழுத்தும். குழாயைச் சுற்றிய கிளிப், அதற்கொரு நட்டு, போல்ட். பிரேக்குக்காக ஃபிரேமில் மரை வெட்டுவது என்ற பேச்சே கிடையாது. அளவுக்கு மீறி இறுக்கினால் நட்டில் மரை போகும். சில்லறை கொடுத்து இன்னொரு நட்டு வாங்கிப் போட்டால் தீர்ந்தது. இறுக்கண்ணனின் கை அந்த இரும்பில் வளர்ந்த கை.

இப்போது பிள்ளைகள் கேட்டு வாங்கும் கியர் சைக்கிளில் டிஸ்க் பிரேக். ஃபிரேம் அலுமினியக் கலவை. பின்சக்கரத்துக்கு இடப்பக்கம், தட்டைக் கவ்வும் காலிப்பரைப் பூட்ட, ஃபிரேமிலேயே இரண்டு மேடை எழுப்பி, அவற்றுக்குள் நேராக மரை வெட்டியிருப்பார்கள். சில வண்டிகளில் மரை ஃபிரேமில் இல்லாமல் தனித் துண்டில் இருக்கும், போனால் துண்டை மாற்றிக்கொள்ளலாம். அந்த வண்டிக்காரர்கள் புண்ணியவான்கள். மற்றவர்களுக்கு 74 மில்லிமீட்டர் சொச்ச இடைவெளியில் இரண்டு துளை, 6 மில்லிமீட்டர் போல்ட், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். போல்ட் எஃகு, துளை அலுமினியம். இரண்டும் மல்லுக்கு நின்றால் எது தோற்கும் என்று எந்தக் கொல்லரும் சொல்வார்.

அந்த போல்ட்டுக்கு வேண்டிய இறுக்கம் பொதுவாக 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். மார்க்கெட் கணக்கில் சொல்கிறேன்: 15 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் நாலு, ஐந்து கிலோ வெங்காயத்தைத் தொங்கவிட்டால் அதுவே போதும். இறுக்கண்ணனோ ஆலன் கீயின் வாலில் அரை மீட்டர் ஜி.ஐ. பைப்பைச் செருகுகிற ஜாதி. பைப்பின் முனையில் இருபது கிலோ கனத்துக்கு அழுத்தினால் கணக்குப்படி நூறு நியூட்டன் மீட்டரைத் தொடும். அவ்வளவு தூரம் போக மரை காத்திருக்காது.

போதாக்குறைக்கு, ஒரு பிள்ளையின் அப்படிப்பட்ட சைக்கிளில் கைவைத்த ராத்திரி, பழைய போல்ட்டில் துரு தெரிகிறதென்று தூக்கிப் போட்டுவிட்டு, தன் ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து ஒரு குட்டை போல்ட்டை எடுத்துப் போட்டார். (அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இன்றைக்கு வேண்டாம்.) அலுமினியத்தில் போல்ட் தன் குறுக்களவைப்போல ஒன்றரை மடங்கு, முடிந்தால் இரண்டு மடங்கு ஆழம் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு. அப்படி இறங்கினாலும் பாரம் எல்லா மரைக்கும் சமமாகப் போகாது. முதல் மரையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கும். குட்டை போல்ட்டில் பிடிமானம் நாலைந்து மரைதான். முதலாவது வழுக்கினால் அத்தனை பாரமும் அடுத்ததன் தலையில் விழும். அது போனதும் அதற்கடுத்தது.

இறுகிக்கொண்டே வந்த போல்ட் சட்டென்று லேசாகும் ஒரு கணம் உண்டு. சைக்கிளைக் கையால் தொட்ட எவனுக்கும் அந்தக் கணத்தில் வயிறு கலங்கும். இறுக்கண்ணன் கலங்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணா, ஃப்ரீயா சுத்துது?"

"செட் ஆகுது."

"எவ்ளோ நேரண்ணா செட் ஆகும்?"

"நீ டார்ச்ச ஒழுங்கா புடி."

போல்ட்டை வெளியே இழுத்தபோது அதன் மரையில் வெள்ளையாக ஒரு சுருள், பென்சில் சீவிய தூள் மாதிரி, ஒட்டிக்கொண்டு வந்தது. அது ஃபிரேமின் மரை. அவர் அதை விரலால் வழித்துத் தரையில் போட்டார். "சைனா மால். போல்ட்டே சரியில்ல" என்றார். போல்ட் அவருடைய பாட்டிலிலிருந்து வந்தது.

அதன்பின் வைத்தியம். முதலில் போல்ட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றினார். பிறகு மின்சார ஒயரை உரித்து ஒரு செம்பு இழையைத் துளைக்குள் விட்டு, அதன் மேல் போல்ட்டைத் திருகினார். பிடித்தது போலிருந்தது, உடனே அந்தக் கால் சுற்றைக் கொடுத்தார், செம்பும் போயிற்று. "எட்டு எம்.எம். போட்ரலாமா?" என்று ஒரு யோசனை வந்தது. காலிப்பரின் காது எட்டுக்கு வழிவிடாது, ஃபிரேமின் மேடையிலும் அவ்வளவு சதை கிடையாது என்று சொன்னதற்கு, "சதையெல்லாம் பாத்தா ஆவுமா?" என்றார். கடைசியாக அரால்டைட். இரண்டு டியூபையும் சிகரெட் அட்டையில் குழைத்து, போல்ட்டைக் குளிப்பாட்டி, துளைக்குள் நட்டு, "காலைல பாரு, கல்லு மாதிரி நிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி கொஞ்சம் சிரிக்காமல் எழுதுகிறேன். அந்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போவது ஒரு குழந்தை. பிரேக்கைத் தாங்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று நழுவினால் காலிப்பர் மற்றதைப் பிடித்துக்கொண்டு ஆடும். பிரேக்கை அழுத்தும்போது சுழலும் தட்டு அதையும் தன்னோடு இழுக்கும், இழுத்து ஸ்போக்ஸில் தள்ளலாம். பின்சக்கரம் அப்படியே நிற்கும். வியாழக்கிழமை சாயங்காலம் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்குப் போகும் கூட்டம், ஜான்சன் மார்க்கெட் பக்கமிருந்து வரும் ஆட்டோக்கள், பஜார் தெருவின் நடுவில் நிற்கும் தள்ளுவண்டி, இவற்றுக்கிடையே ஒரு பிள்ளையைப் பசையை நம்பி அனுப்ப முடியுமா? கேட்டுச் செய்திருந்தாலும் பரவாயில்லை. ராத்திரியில், யாரையும் கேட்காமல், "சும்மா ஒரு தடவை செக் பண்ணேன்" என்ற பெயரில் செய்த வேலை இது. ஆடாத போல்ட்டை யார் செக் பண்ணச் சொன்னார்கள்? இதற்கு அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஆனேபாளையா பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். எச்.ஏ.எல். எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரண் பயிற்சி விமானத்தின் எஞ்சினில் கைவைத்தவருக்கு சைக்கிள் எம்மாத்திரம்? ஆனால் அவர் அலட்சியமாகப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாற்றிக்கொண்டு, துளைக்குள் டார்ச் அடித்து, குச்சியை விட்டு ஆழம் பார்த்து, "இது யாரு, கடப்பாரை போட்டதா?" என்று கேட்டார். உடன் வந்திருந்த இறுக்கண்ணன் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

வழி ஒன்றுதான்: ஹெலிகாயில். ஆகாய விமானத்தில் அலுமினியமும் மெக்னீசியமும் அதிகம். அந்த மெத்தென்ற உலோகத்தில் எஃகு போல்ட்டைத் திரும்பத் திரும்பப் பூட்டிக் கழற்ற வேண்டும் என்பதால், துளைக்குள் எஃகுக் கம்பிச் சுருளையே மரையாகப் பொருத்துவது அங்கே பழைய பழக்கம். நம் ஊர் டூ-வீலர் மெக்கானிக்குகளும் ஸ்பார்க் பிளக் மரை போனால் இதைத்தான் செய்கிறார்கள். எஸ்.ஜே.பி. ரோட்டில் தேடினால் சுருளும் அதற்கு மரை வெட்டும் டாப்பும் கிடைக்கும்.

பெரியவர் அரால்டைட்டைச் சூடுகாட்டி நோண்டி எடுத்தார். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது, அதிக வசவும் அதற்குத்தான். பிறகு ஃபிரேமை மட்டம் பார்த்துப் பிடித்து, 6.3 மில்லிமீட்டர் டிரில்லைத் துளைக்குள் நேராக இறக்கினார். சரிந்தால் காலிப்பர் கோணலாக உட்காரும், தட்டு உரசிக்கொண்டே இருக்கும். அப்புறம் மண்ணெண்ணெய் தொட்டு டாப் அடித்தார். முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று. மறுபடி முன்னால் அரை, பின்னால் கால். இறுக்கண்ணன் இதைக் கண் இமைக்காமல் பார்த்தார்.

"ஏன் பெரியவரே பின்னாடி சுத்துறீங்க?"

"பின்னாடி வந்தாத்தான் பிசிறு ஒடையும் தம்பி. முன்னாடியே போனா டாப்பு உள்ள ஒடிஞ்சி நிக்கும். அப்பறம் ஃபிரேம கடாச வேண்டியதுதான்."

கால் சுற்றைப் பின்னால் கொடுக்கும் ஒரு மனிதரை இறுக்கண்ணன் வாழ்நாளில் முதல்முறையாகச் சந்திக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. காற்றடித்துத் தூளை வெளியேற்றி, சுருளைக் கருவியில் மாட்டி, மேல்விளிம்புக்கு அரை மரை கீழே நிற்கும்படி இறக்கி, அடியில் இருந்த சிறு நாக்கை ஆணியால் ஒரு தட்டுத் தட்டி உடைத்து எடுத்தார் பெரியவர். நீள போல்ட் ஒன்றைக் கையாலேயே திருகினார். வெண்ணெயில் கத்தி என்றெல்லாம் சொல்லாமல் சொல்கிறேன், சரியாகப் போயிற்று. டார்க் ரெஞ்சை வைத்தார். "டிக்" என்றது. நிறுத்தினார்.

"அவ்ளோதானா?" என்று கேட்டுக்கொண்டே இறுக்கண்ணன் கையை நீட்டினார்.

"கைய எடு தம்பி."

நான் பார்க்க அவரிடம் அப்படிப் பேசிய முதல் ஆள் அந்தப் பெரியவர்தான்.

திட்டிக்கொண்டே இருக்கிறேன். அவர் நல்லவர் இல்லை என்று மட்டும் யாரும் எண்ணிவிடக் கூடாது. மழையில் கீழ்வீட்டுக்குள் சாக்கடை ஏறிய ராத்திரி, முழங்காலளவு தண்ணீரில் முதலில் இறங்கியது அவர்தான். கணவரை இழந்த அடுத்த சந்து அம்மாவின் கட்டிலைக் காசு வாங்காமல் பூட்டிக் கொடுத்தவர் அவர். (வீடு மாறும்போது அந்தக் கட்டிலை எப்படிக் கழற்றுவார்கள் என்பது வேறு கதை.) தன் வீட்டு சைக்கிள் என்று ஒன்று அவருக்குக் கிடையாது, படிக்கட்டின் அடியில் சங்கிலி போட்டு நிற்கும் அத்தனையும் அவருடையதுதான். எந்தப் பிள்ளையும் விழுந்துவிடக் கூடாது என்ற பதைப்பில்தான் அந்தக் கை அப்படி முறுக்குகிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது.

பெரியவரின் பாடம் வீண் போகவில்லை. இறுக்கண்ணன் இப்போது சொந்தமாக ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டார். பெட்டியோடு எல்லோருக்கும் காட்டினார். கீழ்வீட்டுப் பையனின் சைக்கிளில் வைத்துத் திருகினார், "டிக்" என்றது. எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவர் மேலும் திருகினார்.

"அண்ணா, டிக்குன்னுச்சே!"

"அது கம்பெனி சொல்ற கணக்கு. பெங்களூரு ரோட்டுக்குக் கொஞ்சம் கூட வேணும்."

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரை எந்தத் தனி மனிதரையும் குறிப்பதல்ல. நீலசந்திராவில் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு, வாசகர் தெருவிலும் இருப்பார். ஆயினும், மூன்றாம் மாடியில், படியேறியதும் வலப்பக்கம், பச்சைக் கதவு வீட்டில் இருப்பவர் இதைப் படிக்க நேர்ந்தால், என்னிடம் வாங்கிப்போன 5 மில்லிமீட்டர் ஆலன் கீயைத் திருப்பித் தந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கொடுக்கும்போது அது எல் வடிவத்தில் இருந்தது. இப்போது எந்த வடிவத்தில் இருந்தாலும் பெற்றுக்கொள்கிறேன்.